ஒத்தைத் திருப்புளியா, பிட் செட்டா? – ஒரு திருகாணிப் புராணம்

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு சாமான்கள் படுத்துவிட்டன. ஒன்று, அப்பாவின் எச்.எம்.டி ஜனதா வாட்ச். இன்னொன்று, பையனின் கேம் கண்ட்ரோலர். முதலாவதற்கு வயது ஐம்பதை ஒட்டி. இரண்டாவதற்கு வயது இரண்டு.

வாட்ச் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கையை ஆட்டினால் உள்ளே ஏதோ கடகடவென்று ஆடும் சத்தம். அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் தபால் ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. "ஜனதா கட்சி ஆட்சிக்கு வந்த வருஷம் நான் ஜனதா வாட்ச் வாங்கினேன்" என்று சொல்லிச் சிரிப்பார். அதாவது 1977. அவர் போய் நாலு வருடம் ஆகிறது. காரியமெல்லாம் முடிந்து புனேவுக்குக் கிளம்பும்போது அம்மா அதை என் சட்டைப் பையில் போட்டு அனுப்பினாள். தினமும் காலையில் பல் தேய்த்ததும் அதற்குச் சாவி கொடுப்பது என் வேலை.

நாமும் மெக்கானிக்கல் எஞ்சினியர்தானே என்ற மிதப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பின்மூடியைத் திறந்தேன். உள்ளே இருக்கும் இயந்திரத்தைக் கூட்டோடு சேர்த்துப் பிடிக்கும் இரண்டு குட்டித் திருகாணிகளில் ஒன்று தளர்ந்திருந்தது. அவ்வளவுதான் விஷயம். அலமாரியிலிருந்து நீல டப்பாவை எடுத்தேன். உங்கள் வீட்டிலும் நிச்சயம் ஒன்று இருக்கும். கண்ணாடி மாதிரி மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஆறு குட்டி ஸ்க்ரூ டிரைவர், தலையில் சுழலும் தொப்பி. நடைபாதையில் வாங்கியது. பொருந்துவது போல் இருந்த ஒன்றை வைத்துத் திருகினேன். வழுக்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். சர்ர்க்!

திருகாணித் தலையின் வெட்டு ஒரு பக்கம் பிய்ந்துவிட்டது. பக்கத்துத் தகட்டில் நீளமாக ஒரு கீறல். அப்பா நாற்பது வருடத்துக்கு மேல் கட்டியும் உள்ளே ஒரு கோடு விழாத வாட்ச். நான் ஐந்தே நிமிடத்தில் போட்டுவிட்டேன்.

"ஓடிக்கிட்டிருந்ததை ஏன் நோண்டினீங்க?" என்றார் தங்கமணி. என்னிடம் பதில் இல்லை.

நாலு நாள் கழித்துப் பையன் கண்ட்ரோலரோடு வந்தான். "அப்பா, இதைத் திறந்து க்ளீன் பண்ணினா சரியாயிடும்னு வீடியோல காட்டறாங்க. ஆனா ஸ்க்ரூ விசித்திரமா இருக்கு." பார்த்தேன். பிளஸ்ஸும் இல்லை, மைனஸும் இல்லை. மூன்று கால் பரப்பிய தலை. நீல டப்பாவில் அதற்கு ஒன்றும் இல்லை.

சரி, இனியாவது ஒரு நல்ல செட் வாங்குவோம் என்று ரவிவார் பேட்டையில் உள்ள போரி ஆளிக்குப் போனேன். புனேவாசிகளுக்குத் தெரியும், இரும்புச் சாமான்களுக்கான சந்து அது. கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று, கம்பியும் பிடியும் ஒன்றாக வார்த்த ஆறு தனித்தனித் திருப்புளிகள். இன்னொன்று, ஒரே பிடி, அதில் மாட்டிக் கழற்ற முப்பத்திரண்டு பிட்கள். இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். எது வேண்டும் என்றார். "யோசிச்சு வரேன்" என்று திரும்பிவிட்டேன். யோசிக்கப் போய், படிக்கப் போய், அது ஐந்நூறு வருடக் கதையில் கொண்டுபோய் விட்டது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு வீடு

முதலில் பெயர். ஊரில் ஆசாரிகளும் சைக்கிள் கடைக்காரர்களும் 'திருப்புளி' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். திருப்பு, உளி. உளி மாதிரி முனை, ஆனால் செதுக்க இல்லை, திருப்புவதற்கு. இங்கிலாந்திலும் பழைய பெயர் 'டர்ன்ஸ்க்ரூ'தான். பிரெஞ்சில் இன்றும் 'தூர்ன்விஸ்'. எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் யோசித்திருக்கிறார்கள்.

1999ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை, ஆயிரம் ஆண்டுகளின் மிகச் சிறந்த கருவி எது என்று எழுதித் தரச் சொல்லி விட்டோல்ட் ரிப்சின்ஸ்கி என்ற கட்டடக்கலைப் பேராசிரியரைக் கேட்டது. அவர் தன் கருவிப் பெட்டியைக் குடைந்து பார்த்தார். ரம்பம், சுத்தி, உளி எல்லாமே ஆயிரம் வருடத்துக்கு ரொம்ப முந்தியவை. கடைசியில் அவர் மனைவிதான் யோசனை சொன்னார்: வீட்டில் எதற்கும் தேவைப்படுவது ஸ்க்ரூ டிரைவர்தானே என்று. (தங்கமணிகள் எங்கும் தங்கமணிகளே.) அதிலிருந்து 2000ல் ஒரு புத்தகமே வந்தது.

திருகின் தத்துவம் கிரேக்கர் காலத்திலேயே உண்டு. ஒலிவக் காய் பிழிய, தண்ணீர் இறைக்கப் பெரிய மரத் திருகுகள் இருந்தன. ஆனால் இரண்டு பொருளைச் சேர்த்துப் பிடிக்கும் குட்டி இரும்புத் திருகாணி ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டில்தான் தலை காட்டுகிறது. போர்க் கவசம், துப்பாக்கி, அப்புறம் கடிகாரம். ஜெர்மனியில் வோல்ஃபெக் கோட்டையில் இருந்த ஒரு கையெழுத்துப் புத்தகத்தில், 1475க்கும் 1490க்கும் நடுவில் வரையப்பட்டது, திருகாணிக்கு மரை வெட்டும் கடைசல் எந்திரத்தின் படம் இருக்கிறது.

எந்திரம் படத்தில் இருந்தாலும், அடுத்த முந்நூறு வருடம் பெரும்பாலான திருகாணிகளைக் கையால்தான் செய்தார்கள். தலையில் வெட்டும் அரத்தால், மரையும் அரத்தால். அதனால் ஒன்று போல் இன்னொன்று இருக்காது. பழைய கடிகாரக்காரர்கள் திருகாணித் தலையிலும் அதன் ஓட்டைக்குப் பக்கத்திலும் புள்ளி குத்தி வைப்பார்கள். ஒற்றைப் புள்ளி ஒற்றைப் புள்ளிக்கு, இரட்டைப் புள்ளி இரட்டைப் புள்ளிக்கு. மாற்றிப் போட்டால் பிடிக்காது.

இது நமக்குப் புரியாத விஷயமே இல்லை. அம்மாவின் பழைய வைரத் தோட்டை நினைத்துப் பாருங்கள். வலது காதுத் திருகாணி இடது தோட்டில் ஏறாது. பாட்டி காலத்து ஆசாரி அந்தந்தத் தோட்டுக்கு அந்தந்தத் திருகாணியைக் கடைந்து கொடுத்தது. ஒன்று தொலைந்தால் வீடே குனிந்து தேடும். கடையில் போய் வேறு வாங்க முடியாது, ஆசாரியிடம்தான் போக வேண்டும்.

இதை மாற்றியவர்கள் பலர். 1760ல் இங்கிலாந்தில் ஜாப், வில்லியம் வயட் என்ற சகோதரர்கள் மரத் திருகாணி வெட்டும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். நிமிடக்கணக்கில் ஆன வேலை விநாடிக்கணக்கில் முடிந்தது. 1800ஐ ஒட்டி ஹென்றி மாட்ஸ்லே செய்த கடைசல் எந்திரம், சொன்ன அளவில் மரை வெட்டியது. அவர் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், 1841ல் எல்லாத் தொழிற்சாலைக்கும் ஒரே மரை அளவு என்று ஒரு கணக்கை முன்வைத்தார். மரைக் கோணம் 55 டிகிரி. உலகத்தில் பலரும் ஏற்றுக்கொண்ட முதல் பொது அளவு அது. திருகாணி தன் சொந்த வீட்டை விட்டு ஊருக்குப் பொதுவானது.

வாட்ச் உலகம் கொஞ்சம் தாமதம்

வாட்ச் திருகாணி மட்டும் சிக்கவில்லை. அவ்வளவு சின்னது. சுவிட்சர்லாந்தின் மலை கிராமங்களில் பனிக்காலத்தில் வீட்டில் உட்கார்ந்து ஒருவர் சக்கரம் செய்வார், ஒருவர் திருகாணி செய்வார். கடைசியில் ஒரு கைதேர்ந்த ஆள் எல்லாவற்றையும் ராவிப் பொருத்துவார்.

அமெரிக்காவில் வால்தம் என்ற ஊரில் வேறு மாதிரி யோசித்தார்கள். துப்பாக்கித் தொழிற்சாலை போல, எந்தப் பாகமும் எந்த வாட்சிலும் பொருந்த வேண்டும். 1876ல் பிலடெல்பியாவில் நடந்த உலகக் கண்காட்சியில், குட்டித் திருகாணிகளைத் தானாகவே கடைந்து தள்ளும் எந்திரங்களை வால்தம் கம்பெனி காட்டியது. பார்க்க வந்த சுவிஸ்காரர்களில் ஒருவர் லாங்ஜின் நிறுவனத்தின் ஜாக் டேவிட். அவர் ஊர் திரும்பிக் கொடுத்த அறிக்கையின் சாரம்: நாம் மாறாவிட்டால் காணாமல் போவோம்.

சுவிஸ்காரர்கள் மாறினார்கள். முத்தியே (பிரெஞ்சில் மூட்டியே என்றும் சொல்வார்கள்) என்ற சின்ன ஊரில் 1880களிலிருந்து திருகாணிக்கென்றே ஒரு தானியங்கிக் கடைசல் எந்திரம் வளர்ந்தது. கம்பியைப் பிடித்திருக்கும் தலைப்பகுதியே முன்னும் பின்னும் நகரும். புனேயில் போசரி பக்கம் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு இது தெரியும். 'ஸ்லைடிங் ஹெட்' எந்திரம், 'சுவிஸ் டைப்' என்று அவர்கள் தினமும் சொல்வது இதன் பேரப்பிள்ளையைத்தான். அதே காலத்தில் ஜெனிவாவில் துரி என்ற பேராசிரியர் குட்டித் திருகாணிகளுக்கு ஒரு அளவுக் கணக்கு போட்டார். அதைப் பின்பற்றி 1884ல் பிரிட்டிஷ் அசோசியேஷன் வெளியிட்டதுதான் 'பி.ஏ.' மரை. பழைய ரேடியோ, லேப் மீட்டர் திறந்தவர்களுக்கு 2பி.ஏ., 4பி.ஏ. ஞாபகம் இருக்கும். அந்தக் கணக்கு அழகானது. 0பி.ஏ. என்றால் மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். அடுத்தடுத்த எண்ணுக்கு 0.9ஆல் பெருக்கிக்கொண்டே போக வேண்டும்.

இப்படித் திருகாணிகள் எல்லாம் ஒரே ஜாதி ஆனதும் திருப்புளிக்கு வேலை சுலபமாகிவிட்டது. எல்லாத் தலையிலும் ஒரே கோடு வெட்டு. வெட்டின் நீளம் மட்டும்தான் மாறும். அதற்கு ஏழெட்டு அகலத்தில் ஒற்றைத் திருப்புளிகள் போதும். ஒற்றைத் திருப்புளியின் பொற்காலம் அது.

எங்கள் எச்.எம்.டியும் அந்த வம்சம்தான். 1953ல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி, ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு 1961ல் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. முதல் வாட்சுகளை வெளியிட்டவர் நேரு. ஜனதாவில் பேட்டரி கிடையாது, கையால் சாவி கொடுக்க வேண்டும். திருகாணி எல்லாம் ஒற்றைக் கோடு வெட்டு. டாடாவும் தமிழ்நாட்டின் டிட்கோவும் சேர்ந்து 1984ல் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்சுகளோடு வந்தபிறகு எச்.எம்.டி தடுமாறியது. 2016ல் வாட்ச் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

காகாவின் ரகசியம்

இந்த இடத்தில் நிகழ்காலத்துக்கு வருகிறேன். ராஸ்தா பேட்டையில் ஒரு வாட்ச் ரிப்பேர்காரர் இருக்கிறார். எழுபது தாண்டியவர். எல்லாரும் காகா என்றுதான் கூப்பிடுவார்கள். நம்மூர் சித்தப்பா மாதிரி. வாட்சைத் திறந்து, கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தார். பார்த்ததும் என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் திறந்தீங்களா?"

"ஆமா காகா."

"எந்தத் திருப்புளி?"

நீல டப்பாவைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முனையை லென்ஸில் பார்த்துவிட்டு என்னிடமும் காட்டினார். ஆப்பு மாதிரி, நுனி மெல்லிசாக, மேலே போகப் போகத் தடிமனாக இருந்தது. "இது வெட்டோட அடியைத் தொடாது. மேல் விளிம்புல மட்டும் உட்காரும். அழுத்தித் திருப்பினா மேல ஏறி வெளிய வந்துடும். வரும்போது விளிம்பைப் பிய்ச்சுக்கிட்டு வரும்." இந்தியும் மராத்தியுமாகச் சொன்னதை நம் பாஷையில் எழுதுகிறேன்.

அவர் மேஜையில் ஒரு சுழல் தட்டில் திருப்புளிகள் நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற வளையம். மஞ்சள் 0.80 மில்லிமீட்டர், கறுப்பு 1.00, சிவப்பு 1.20, சாம்பல் 1.40. சுவிட்சர்லாந்தில் லெ லோக்ல் என்ற ஊரில் 1791லிருந்து இயங்கும் பெர்ஜான் கம்பெனியின் வரிசை அது. ஆஹா, நிஜமான கைவினைஞர் ஒற்றைத் திருப்புளிதான் வைத்திருக்கிறார், நம் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

காகா சிரித்தார். ஒன்றை எடுத்து, கழுத்தில் இருந்த கண்ணுக்கே தெரியாத குட்டித் திருகாணிகளைத் தளர்த்தினார். முனைக் கம்பி தனியாக வெளியே வந்தது! பிடிக்குள் இன்னும் இரண்டு கம்பிகள் இருந்தன.

"முனை தேயும். வாரத்துக்கு ஒருதரம் எண்ணெய்க் கல்லுல தீட்டுவேன். தீட்டித் தீட்டிக் கரைஞ்சதும் புதுக் கம்பி. பிடி அப்படியே இருக்கும். இது என் அப்பா வச்சிருந்த பிடி."

அதாவது வாட்ச்காரர்கள் ரொம்ப காலமாகவே கம்பியை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் நம் பிட் செட்டுக்கு நேர் எதிரான காரணத்துக்கு. அவர் மாற்றுவது, அதே முனை என்றும் அதே அளவில் இருப்பதற்காக. நாம் மாற்றுவது, வேறு வேறு தலை வந்துகொண்டே இருப்பதால். அந்த வேறு வேறு தலை எங்கிருந்து வந்தது?

தலைகள் பெருகிய கதை

கோடு வெட்டின் குறை எல்லாருக்கும் தெரியும். பக்கவாட்டில் நழுவும். கனடாவைச் சேர்ந்த பீட்டர் ராபர்ட்சன் ஒரு விற்பனையாளர். ஸ்பிரிங் வைத்த ஒரு திருப்புளியை மான்ட்ரியலில் தெருவில் விளக்கிக் காட்டும்போது முனை நழுவிக் கையைக் கிழித்துவிட்டது. அந்தக் கோபத்தில் அவர் சதுரப் பள்ளம் வைத்த தலையை உருவாக்கினார். 1909ல் கனடாவில் காப்புரிமை. நழுவவே நழுவாது. கனடாவில் ஃபோர்டு கார்களில் ஏறியது. ஃபோர்டு முழு உரிமையும் தன் கட்டுப்பாட்டில் வேண்டும் என்று கேட்க, ராபர்ட்சன் மறுத்துவிட்டார். அதனால் நல்ல தலை கனடாவுக்குள்ளேயே பெரும்பாலும் தங்கிவிட்டது.

அந்த இடத்தைப் பிடித்தது நம்ம 'பிளஸ்'. அமெரிக்காவில் போர்ட்லாந்து ஊர்க்காரர் ஹென்றி பிலிப்ஸ், ஜான் தாம்சன் என்பவரின் யோசனையை வாங்கி மெருகேற்றினார். 1936ல் காப்புரிமை. முதல் பெரிய வாடிக்கையாளர் ஜெனரல் மோட்டார்ஸின் காடிலாக் கார். அசெம்பிளி லைனில் முனை தானாக நடுவில் போய் உட்கார வேண்டும், அதற்குச் சிலுவைப் பள்ளம் சரியாக இருந்தது. (நம்மில் பாதிப் பேர் இதை ரேடியோ, பல்பு செய்த டச்சு பிலிப்ஸ் கம்பெனியின் ஸ்க்ரூ என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும்தான். இரண்டும் வேறு.)

அப்புறம் வரிசையாக வந்தன. ஜப்பானியர்கள் தங்கள் தரக் கணக்கில் வேறொரு சிலுவைப் பள்ளம் வைத்தார்கள். பார்க்க பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், பக்கத்தில் ஒரு புள்ளி இருக்கும். ஜப்பானியக் கேமரா, மோட்டார் சைக்கிள்களில் சாதாரண பிளஸ் போட்டுத் தலையைக் கெடுத்தவர்கள் ஏராளம். 1960களில் 'போசிட்ரிவ்', 1967ல் ஆறுமுனை நட்சத்திரம் 'டார்க்ஸ்'. ஒவ்வொன்றும் முந்தியதைவிட முறுக்கை நன்றாகத் தாங்கியது. அதில் சந்தேகமே இல்லை.

தலை பெருகியதும் பிடிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ள முடியாது என்றாயிற்று. மாற்றும் பிட் அதற்கு முன்பே உண்டு. பிலடெல்பியாவின் நார்த் பிரதர்ஸ் கம்பெனி, மேலிருந்து அழுத்தினால் முனை தானாகச் சுற்றும் 'யாங்கி' திருப்புளியை மாற்று முனைகளோடு விற்றது. பிற்பாடு மின்சார டிரில் வந்ததும் அறுகோண அடி வைத்த, கால் அங்குல பிட் உலகப் பொதுவானது. அதன் தம்பிதான் குட்டி வேலைகளுக்கான 4 மில்லிமீட்டர் அறுகோண பிட். இன்று கடையில் விற்கும் துல்லிய செட்களில் பெரும்பாலும் இருப்பது இதுதான்.

பூட்டாக மாறிய திருகாணி

இதுவரை வந்த தலைகள் எல்லாம் நன்றாகப் பிடிப்பதற்காக வந்தவை. அதன்பிறகு வந்த சில தலைகள், உள்ளே வராதே என்று சொல்வதற்காக வந்தன.

பையனின் கண்ட்ரோலரில் இருந்த மூன்று கால் தலை விமானத் தொழிலில் பயன்பட்டது. விளையாட்டுச் சாமானுக்கு அது ஏன் வந்தது? நம் வீட்டு டப்பாவில் அதற்கு முனை இருக்காது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. இதில் பெரிய சம்பவம் ஆப்பிளுடையது. 2009ல் மேக்புக் ப்ரோ பேட்டரியில் ஐந்து இதழ் பூ மாதிரி ஒரு புதுத் தலை, 'பென்டலோப்', வந்தது. 2010ல் வெளிவந்த ஐபோன் 4ல் முதலில் சாதாரண பிளஸ்தான் இருந்தது. கொஞ்ச நாளில் அதுவும் ஐந்து இதழ் ஆனது. பழுதுக்கு வந்த போன்களில் கூடப் பழைய திருகாணியை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுக் கொடுத்தார்கள் என்ற செய்தி 2011 ஜனவரியில் வெளிவந்தது. அதைக் கிளப்பியது ஐஃபிக்ஸிட். 2003ல் கலிபோர்னியாவில் இரண்டு கல்லூரி மாணவர்கள் தொடங்கிய நிறுவனம். அந்த ஐந்து இதழைத் திறந்து, திரும்ப பிளஸ் போட்டுக்கொள்ள ஒரு குட்டி செட்டையே விற்றார்கள்.

'என் சாமானை நானே திறந்து சரிசெய்யும் உரிமை' என்ற பேச்சு உலகம் முழுக்க வலுத்தது. நம் நாட்டில் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு அமைத்தது. அதே வருடம் டிசம்பரில் இதற்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது. 2024ல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே கொண்டுவந்தது.

அந்த போரி ஆளிக் கேள்விக்கு இப்போது எனக்கு அர்த்தம் புரிந்தது. ஒத்தையா செட்டா என்பதை முடிவு செய்வது நாம் மட்டும் இல்லை. திருகாணியின் தலையை யார் வடிவமைக்கிறாரோ அவர் பாதி முடிவு செய்துவிடுகிறார். ஒரே தலை என்று உலகம் இருந்தவரை அப்பா காலத்தில் ஒரு திருப்புளி போதும். என் பையனுக்குப் போதாது.

சரி, எதைத்தான் வாங்குவது?

கதை கேட்டுக் களைத்தவர்களுக்கு நான் கற்றது.

ஒத்தைத் திருப்புளியின் பலம், கம்பி மெல்லிசு. ஆழமான ஓட்டைக்குள் இறங்கும். 4 மில்லிமீட்டர் பிட்டைப் பிடிக்கும் கழுத்து அதைவிடத் தடிமன், அந்த ஓட்டையில் வாசலிலேயே நின்றுவிடும். பிட்டுக்கும் கழுத்துக்கும் நடுவில் நூலளவு ஆட்டம் எப்போதும் உண்டு, அது முனையில் தெரியும். ஒத்தையில் அந்த ஆட்டம் இல்லை, திருகாணி இறுகுவது விரலுக்குத் தெரியும்.

பிட் செட்டின் பலம், எதிர்பாராத தலை. வருடத்துக்கு ஒருமுறை வரும் மூன்று கால் தலைக்குத் தனித் திருப்புளி வாங்க முடியாது. முனை தேய்ந்தால் அந்த ஒரு பிட்டை மட்டும் மாற்றலாம். பலவீனம், தொலைவது. எங்கள் வீட்டு சோபாவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். நூற்றுப் பதினைந்து பிட் என்று விற்பார்கள், அதில் எண்பதை ஆயுசுக்கும் தொட மாட்டீர்கள். நல்ல எஃகில் முப்பது பிட் போதும். எஸ்2 என்ற எஃகு குறிப்பிட்டிருந்தால் நல்லது. மட்டமான பிட் ஒருதரம் அழுத்தியதும் மூலை மழுங்கும், கூடவே திருகாணித் தலையும் போகும்.

பிடி மெல்லிசாக இருக்கிறதே என்று குறைப்படவும் வேண்டாம். பிடியின் தடிமன் கூடக் கூட நம் கை கொடுக்கும் முறுக்கும் கூடும். ஒரு மில்லிமீட்டர் திருகாணிக்கு அவ்வளவு முறுக்கு கொடுத்தால் கழுத்து முறிந்துவிடும். ஆள்காட்டி விரலைத் தொப்பியில் அழுத்தி, கட்டைவிரலும் நடுவிரலும் மட்டும் திருப்ப வேண்டும். அழுத்தம் முக்கால், திருப்பல் கால் என்றார் காகா.

கடைசியில் நான் வாங்கியது: அடிக்கடி தேவைப்படும் அளவில் மூன்று ஒத்தைகள். சிறிய பிளஸ் இரண்டு (00, 0 அளவுகள்), 1.4 மில்லிமீட்டர் கோடு முனை ஒன்று. கூடவே நடுத்தரமான ஒரு பிட் செட். தினம் கை வைக்கும் தலைக்கு ஒத்தை, எப்போதோ வரும் விருந்தாளிக்கு செட். கண்ட்ரோலரை அந்த செட்டை வைத்துப் பையனே திறந்தான், துடைத்தான், மூடினான். ஒரு திருகாணி மிச்சம் வந்தது. மறுபடி திறந்து அதன் இடத்தைக் கண்டுபிடித்தான். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாட்சை நான் தொடவில்லை. காகாவே பிய்ந்த திருகாணியை எடுத்தார். "புதுசு எங்கே கிடைக்கும்? கம்பெனியே மூடிட்டாங்களே காகா" என்றேன். மேஜையின் கீழ் டிராயரை இழுத்தார். பழைய தகர டப்பா. உள்ளே செத்துப்போன ஜனதாக்கள், நாலைந்து. யார் யாரோ கொடுத்துவிட்டு வாங்க வராமல் போனவை என்றார். ஒன்றிலிருந்து திருகாணியைக் கழற்றி, எண்ணெய் துடைத்து, சாம்பல் வளையத் திருப்புளியால் அப்பாவின் வாட்சில் வைத்துத் திருப்பினார். ராவவில்லை, தேய்க்கவில்லை. அப்படியே போய் உட்கார்ந்தது.

யாரோ, எந்த ஊரோ தெரியாத ஒருவருடைய ஜனதாவின் திருகாணி இன்று அப்பாவின் வாட்சில் இருக்கிறது. பெங்களூரில் ஏதோ ஒரு நாள் எந்திரத்திலிருந்து சடசடவென்று விழுந்த ஆயிரக்கணக்கானவற்றில் அதுவும் ஒன்று. இரண்டும் ஒரே அளவு என்று அன்றைக்கு யாரோ அக்கறையாகப் பார்த்துக்கொண்டதால்தான் வாட்ச் பிழைத்தது. தகட்டில் என் கீறல் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை எடுக்கவா என்று காகா கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

அம்மாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தத் தாத்தாகிட்ட தோட்டுத் திருகாணி இருக்குமாடா? இடது காது ஒண்ணு தொலைஞ்சு ஆறு மாசம் ஆகுது" என்றாள்.

பி.கு: அம்மாவின் தோட்டை அடுத்த மாதம் ஊருக்குப் போகும்போது ஆசாரியிடம் எடுத்துப் போகிறேன். அது விட்வொர்த்துக்கு முந்தின சமாசாரம், காகாவின் டப்பாவில் கிடைக்காது.